தாமதச் சீட்டு

வள்ளியூரில் இறங்கும்போது
ரயில் ஒன்றேகால் மணி நேரம் தாமதம்.
மேலப்பாளையம் தாண்டி எதற்கோ நின்றது,
எதற்கோ கிளம்பியது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
எதிர் சீட்டுக்காரர் முறுக்குப் பொட்டலத்தை முடித்து
ஜன்னல் வழியே காற்றுக்குக் கொடுத்தார்.
நான் வாழைப்பழத்தோலை நாலாக மடித்து
பேண்ட் பையில் வைத்தேன்.
வைத்த பிறகுதான் தெரிந்தது
கை இன்னும் ஊர் திரும்பவில்லை.

அங்கே தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது.
காலையில் தின்ற சோற்றுருண்டையின் தாள்
இரவுவரை கூடவே வரும்,
கோயிலுக்கு, கடைக்கு, கக்கூசுக்கு.
தின்றதற்குப் பொறுப்பேற்று நடக்கிற தேசம்.

காற்றாலைக்குத்தான் கம்பெனி அனுப்பியது.
பணகுடிப் பொட்டலில் எண்பது மீட்டர் ஏறி
கிரீஸ் அடிக்கிற கைகளுக்கு
அகிதாவில், கடலோரத்தில், ஐந்து நாள் பயிற்சி.
மிச்சம் ஏழு நாள் ஒரு ரயில் பாஸும் நானும்.
இங்கே ஆடிக்காற்று மலையிறங்கி வரும்.
அங்கே கடலேறி வருகிறது.
கண்ணை மூடிக்கொண்டால்
அதே இறக்கை, அதே உஸ்,
காவல்கிணறு விலக்கில் நிற்கிற மாதிரி.

பாஸ்போர்ட்டில் ஜெபசிங்.
விடுதிப் பெண் நிதானமாக வாசித்தாள்:
ஜெபசிங்கு.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
பஸ்ஸு அங்கே நிற்கும் என்றாள்.
பீரு வேண்டுமா என்றாள்.
அடுத்த தெருவில் சூப்பு நல்லாருக்குமாம்.
அவள் மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது,
அந்த உகரம் மட்டும் நன்றாகத் தெரியும்.
கடைசி மெய்யெழுத்தைத்
தனியாக விட்டுவிட்டுப் போக மனசில்லாத
இரண்டு கூட்டம்,
இத்தனை கடல் தள்ளி.
வள்ளியூர்தான் அவள் வாயில் நிற்கவில்லை.
வர்ரியூரு, வர்ரியூரு என்று
நாலு தரம் முயன்று
என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வெந்நீர்க் குளத்தில் துணியே கூடாதாம்.
குற்றாலத்தில் ஆயிரம் பேருக்கு நடுவே
ஜட்டியோடு இடித்து நின்றவனுக்கு
ஏழு பேர் முன்னால் வந்ததே ஒரு வெட்கம்.
தலைமேல் துண்டை மடித்து வைத்திருந்த ஒருவர்
பஞ்சாயத்துத் தீர்மானம் படிக்கிறவர் போல
முகத்தை மட்டும் பார்த்துத் தலையசைத்தார்.
பனி விழுந்து நீரில் காணாமல் போனது.
அதை எழுதியனுப்ப நினைத்து
'இங்கு நல்ல குளிர்' என்று அனுப்பினேன்.

சென்டாய் போகையில் தண்டவாளத்தில் ஒரு மான்.
ரயில் பதினொரு நிமிடம் பிந்திவிட்டது.
இறங்கும் வாசலில் தொப்பி போட்ட பையன்
ஆளுக்கொரு துண்டுச்சீட்டு நீட்டினான்.
அபராதமென்று நினைத்து நான் பர்ஸை எடுத்தேன்.
பின்னால் நின்றவர் தன் போனில் தமிழாக்கிக் காட்டினார்:
"இவர் பிந்தி வந்ததற்கு
இவர் காரணம் அல்ல."
கீழே முத்திரை.
நாற்பத்தொரு வயதில்
யாரும் எனக்கு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

வீட்டில் வந்து கேட்டவர்கள் எல்லாரும்
பூஜி மலையைத்தான் கேட்டார்கள்.
மேகம், என்றேன்.
பாம்பு தின்பார்களா என்றார் மச்சான்.
ரெக்ஸலின் எதுவும் கேட்கவில்லை.
பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை ஆறரை.
பேண்ட்டை முக்குமுன் பையில் கைவிட்டவள்
கறுத்த வாழைத்தோலையும் சீட்டையும் எடுத்தாள்.
"கிறுக்குப் பிடிச்சிட்டா ஒங்களுக்கு?
இது என்னது?"
சொன்னேன்.
கையில் நுரையோடு அப்படியே நின்றாள்.

நாங்குநேரியில் அவள் பள்ளிக்கூடத்தில்
மூன்று தாமதத்துக்கு அரைநாள் சம்பளம்.
ஏழு பத்து பஸ்ஸு
ஏழு பத்துக்கு வந்ததை
இந்த வருஷம் யாரும் பார்க்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு வாங்கியாந்திருக்கலாம்லா."

சிரிப்பாள் என்று பார்த்தேன்.
கையைத் துடைத்துவிட்டுச்
சீட்டை ஹேண்ட்பேக்கில் வைத்தாள்.
"ஹெச்செம்முக்கு எழுத்து புரியாட்டா என்ன,
முத்திரை இருக்குல்லா."

ஏழு இருபத்தாறுக்கு
விலக்கில் ஹாரன் கேட்டது.
சாப்பாட்டுப் பையோடு ஓடினாள்.